கொப்பியில் எழுதியிருப்பது உங்கள் உடம்பைப் பற்றி

பதுளை மாவட்டத்தில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கிளினிக்குக்கு வந்திருந்த ஒரு தாயின் பின்னால் நானும் ஒருநாள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு வயது மகனைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். பையனுக்குக் கொஞ்சம் சிங்களம் வரும், அதற்காகத்தான். மாதவிலக்கு எத்தனை நாள் நீடிக்கிறது என்று வைத்தியர் கேட்டார். பையனுக்குக் கேள்வி பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியை அம்மாவிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு மகனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. "ஒண்ணும் இல்லைன்னு சொல்லுடா" என்றார். வைத்தியர் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார், கொப்பியில் எழுதினார், மருந்துக்கு அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அந்தத் தாய் பொலித்தீன் பையிலிருந்து கொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். கொழுந்துக் கறை ஏறிய விரலால் கடைசி வரியைத் தொட்டு, "இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் 'பேல்' என்று எழுதியிருந்தது. வெளிறியிருக்கிறது என்று பொருள். கீழிமையின் உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறினால் இரத்தச்சோகை என்று சந்தேகிப்பார்கள். சோகைக்குப் பெரிய காரணங்களில் ஒன்று மாதவிலக்கில் அதிகம் இரத்தம் போவது. வைத்தியர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். பதில்தான் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

உடல் பரிசோதனை என்றால் கையால் தொட்டு, காதால் கேட்டுச் செய்வது என்றுதான் நினைக்கிறோம். அதில் பாதி பேச்சு. வயிற்றை அமுக்கிப் பார்க்கும் வைத்தியருக்கு, அமுக்கும்போது வலிக்கிறதா, அமுக்கிய கையைச் சட்டென்று எடுக்கும்போது வலிக்கிறதா என்று தெரிய வேண்டும். எடுக்கும்போது வலி கூடினால் வயிற்றின் உட்சவ்வு அழன்றிருக்கலாம். குடல்வால் அழற்சியில் அப்படி வரும். சிலவேளை அன்றைக்கே சத்திரசிகிச்சை தேவைப்படும். "ரிதெனவாத?" (வலிக்கிறதா?) என்று சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் "ஓவ்" (ஆம்) என்று தலையாட்டிவிட்டு வந்தால், எந்த வலி எங்கே என்று யாருக்குத் தெரியும்?

நெஞ்சு விஷயம் இன்னும் பயங்கரம். நெஞ்சு எரியுது, நெஞ்சு அடைக்குது, நெஞ்சைப் பிசையுது: நமக்கு இவை மூன்றும் வேறு வேறு. அரைகுறைத் தமிழ் தெரிந்தவருக்கு 'நெஞ்சு' மட்டும்தான் காதில் விழும். எரிச்சல் பெரும்பாலும் இரைப்பை அமிலம் மேலேறுவதால் வருவது. அடைப்பும் பிசைவும் வியர்வையோடு வந்து இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் மாரடைப்பாக இருக்கலாம். சொல் கிடைக்காவிட்டால் கையால் காட்டுங்கள். கையை முட்டியாக மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக் காட்டினால் எந்த மொழி வைத்தியருக்கும் விளங்கும்.

இனிக் கொப்பிக்கு வருவோம். 'சி ஓ' என்று தொடங்கும் வரி நீங்கள் சொன்ன முறைப்பாடு. 'ஓ ஈ' என்பது வைத்தியர் பரிசோதித்துக் கண்டது. முதல் வரியைக் கட்டாயம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொன்னதாக எழுதியிருப்பது நீங்கள் சொன்னதுதானா என்று அங்கேயே தெரிந்துவிடும். 'இக்டெரிக்' என்றால் கண்ணில் மஞ்சள். எலிக்காய்ச்சல் முற்றினாலும் இது வரும் என்பதால், வயலிலும் கானிலும் வேலை செய்கிறவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். 'எடீமா' என்பது நீர்கோத்த வீக்கம், பெரும்பாலும் காலில். அதைத்தான் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறார்கள். கர்ப்பிணியின் கொப்பியில் இந்தச் சொல்லும் கூடிய பிரஷரும் சேர்ந்து இருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. 'ரொங்கை' என்பது முட்டுக்காரரின் நெஞ்சில் கேட்கும் விசில். 'க்ரெப்ஸ்' அதுவல்ல. காதோரம் நாலு முடியை விரலிடுக்கில் உரசிப் பாருங்கள், அந்தச் சத்தம். சளியோ நீரோ நுரையீரலில் இருப்பதற்கு அறிகுறி. 'டி ஆர் என் எம்' என்று கண்டால் பயப்பட வேண்டாம், இதயத்தின் இரண்டு ஒலியும் சரி, வேறு இரைச்சல் இல்லை என்பதுதான்.

'என் ஏ டி' என்ற மூன்றெழுத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வழமைக்கு மாறாக எதுவும் தென்படவில்லை என்பது அதன் பொருள். நோயே இல்லை என்று அது சொல்லவில்லை. அன்று, அந்தப் பரிசோதனையில் தென்படவில்லை, அவ்வளவே. "ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்க" என்று வலியைப் பொறுத்துக்கொண்டு மலையேறியவர்களை எனக்குத் தெரியும். வலி தொடர்ந்தால் திரும்பப் போங்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்பது உண்மைதான், சின்ன இழப்பல்ல. இருந்தாலும் போங்கள்.

'பி ஆர்' என்ற இரண்டெழுத்துக்கு இரண்டு பொருள் உண்டு. பக்கத்தில் இலக்கம் இருந்தால் நாடித் துடிப்பு. வேறிடத்தில், ஆசனவாய் வழியாக விரல்விட்டுப் பார்க்கும் பரிசோதனை. 'பி வி' என்பது பெண்ணுறுப்பு வழியாகச் செய்வது. இரண்டும் பலவேளை அவசியமானவை, உயிரைக் காப்பவை. ஆனால் என்ன செய்யப் போகிறார்கள், ஏன் என்று முதலில் உங்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். நீங்கள் சம்மதிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெண்ணை ஆண் வைத்தியர் பரிசோதிக்கும்போது தாதியோ வேறொரு பெண்ணோ உடனிருப்பது மருத்துவ ஒழுக்கத்தின் அடிப்படை; "மிஸ்ஸியைக் கூப்பிடுங்க டொக்டர்" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. ஸ்டெதஸ்கோப்பே அப்படிப் பிறந்ததுதான். 1816இல் பாரிஸில் லெனெக் என்ற வைத்தியர், இளம்பெண் ஒருவரின் மார்பில் நேரே காதை வைக்கக் கூசி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அந்தக் கூச்சத்தில்தான் மருத்துவத்துக்கே ஒரு கருவி கிடைத்தது.

'எல் ஆர் டி' என்று எழுதிய தாளில் கையொப்பம் கேட்டால் பேனையைக் கீழே வையுங்கள். கருக்குழாயை வெட்டிக் கட்டும் நிரந்தரக் கருத்தடை அது. வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்திருந்தால் போடுங்கள். பிரசவ வலியில், வாசிக்கத் தெரியாத மொழியில், அவசரத்தில் போடாதீர்கள்.

இந்தச் சொற்களெல்லாம் தமிழுக்கு எட்டாதவை என்று யாரும் சொல்ல முடியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற பாடநூல்களைத் தமிழில் தந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இதே தீவில் முடிந்தது இன்றைக்குக் கிளினிக் மேசையில் ஏன் முடியாது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது; அரச வைத்தியசாலையில் இருப்பவர்களும் அரச அலுவலர்கள்தாம். ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவோ இருமொழி நிர்வாகப் பிரிவாகவே பிரகடனப்படுத்தப்பட்டது. மொழியைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை 12ஆம் உறுப்புரை தடுக்கிறது.

குறை நேர்ந்தால் முதலில் வைத்தியசாலையின் பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். சரிவராவிட்டால் பதுளையில் உள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். மொழி மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு. வைத்தியரின் நடத்தை பற்றியதானால் இலங்கை மருத்துவ சபை. இழப்பீட்டு வழக்கு நீண்ட பாதை. மருத்துவப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக, மகளை இழந்த தந்தை ஒருவர் தொடுத்த வழக்கில், மரணத்துக்குக் கவனயீனம்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டை நீக்கியது. ஆகவே பதிவுதான் பலம். வார்ட்டில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளையும் கிளினிக் கொப்பியையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் மருத்துவப் பதிவின் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம் போக ஒரே ஒரு மாதம்தான் அவகாசம். கொழும்பு தூரம், வக்கீல் செலவு அதிகம். ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது; ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி 1996. முறைப்பாட்டைத் தமிழில், கையால் எழுதினாலே போதும். திகதி, நேரம், என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், யார் மொழிபெயர்த்தார் என்பதை அன்று இரவே எழுதிவிடுங்கள்.