மார்ச் மாதத்துப் பீர்

மார்ச் மாதத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு, இலை உதிரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அருந்தப்படும் பீர் ஒன்று ஜெர்மனியில் உண்டு. 'மெர்ட்சன்' என்பது அதன் பெயர். ஜெர்மானிய மொழியில் மார்ச் மாதத்தை 'மெர்ட்ஸ்' என்பர். இந்த ஆறு மாத இடைவெளி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டால், சுவையைப் பற்றிப் பேசுவது எளிதாகும்.

தென் ஜெர்மனியிலுள்ள பவேரியாவில் 1553-ஆம் ஆண்டில் ஓர் அரசாணை பிறந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரையில்தான் பீர் காய்ச்சலாம். கோடையில் கூடாது என்பது அதன் சாரம். கிருமிகளைப் பற்றி அக்காலத்தவர் அறியார். ஆயினும் வெயில் நாளில் காய்ச்சிய பீர் புளித்துக் கெடுகிறது என்பதைக் கண்கூடாகக் கண்டிருந்தனர். ஆகவே மார்ச்சு மாதத்திலேயே சற்று வீரியம் கூட்டிக் காய்ச்சி, பீப்பாய்களைக் குளிர்ந்த நிலவறைகளில் அடுக்கிவைத்தனர். பனிக்கட்டியையும் கொண்டுவந்து நிரப்பினர். நிலவறை சூடேறாதிருக்க அதன் மேலே செஸ்ட்நட் மரங்களை நட்டனர். அந்த நிழலில் மேசை போட்டு விற்கத் தொடங்கியதே பவேரியாவின் பீர்த் தோட்டங்களுக்கு மூலம். இப்படிக் குளிரில் கிடத்திவைத்துப் பக்குவப்படுத்தும் பீருக்கு 'லாகர்' என்று பெயர். சேமிப்பிடம் என்பது அச்சொல்லின் பொருள்களுள் ஒன்று.

1841-ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செடில்மயர் இதற்கு ஒரு புது உருவம் கொடுத்தார். அவரும் வியன்னாவைச் சேர்ந்த நண்பர் அன்டன் ட்ரெஹரும் முன்பே பிரிட்டனுக்குச் சென்று அங்குள்ள ஆலைகளைக் கூர்ந்து பார்த்து வந்தவர்கள். துளையிட்ட கைத்தடிக்குள் மாதிரியைக் களவாகக் கொண்டுவந்தார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு! 1810-இல் பட்டத்து இளவரசர் லுட்விக்கின் திருமணக் கொண்டாட்டமாகத் தொடங்கிய அக்டோபர் விழாவில், 1872 முதல் இந்தச் செந்நிறப் பீர் இடம் பெற்றது.

செந்நிறம் எங்கிருந்து வருகிறது? மால்ட்டிலிருந்து வருகிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்து மாவாக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. பார்லியை அவ்வாறு செய்தால் அதுவே பீருக்கான மால்ட். முளை கிளம்பும்போது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தானியத்துக்குள் பெருகுகின்றன. முளையை வளரவிடாமல் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். எவ்வளவு சூடு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் உலர்த்தினால் வெளிறிய மால்ட் கிடைக்கும். 100 டிகிரியை எட்டியோ சற்றுத் தாண்டியோ உலர்த்தினால் மியூனிக் மால்ட். அந்தச் சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடி வினைபுரிந்து, செந்நிறத்தையும் ரொட்டி மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை ஆராய்ந்து வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையாரின் பெயராலேயே இது 'மையார் வினை' எனப்படுகிறது. ரொட்டியின் மேலோடு சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபடுகையில் தெருவெல்லாம் மணப்பதும் பெரும்பாலும் இதன் வேலையே.

இனிச் சுவைக்கு வருவோம். நான் மெர்ட்சனைச் சுவைத்தது மியூனிக்கில் அன்று. அமெரிக்காவில், ஈரி ஏரிக் கரையிலுள்ள கிளீவ்லாந்து நகரத்தில். 1988-இல் தொடங்கிய 'கிரேட் லேக்ஸ்' என்னும் சிற்றாலை ஒன்று அங்கே ஆண்டுதோறும் இதைக் காய்ச்சுகிறது. மதுச்சாரம் நூற்றுக்கு 6.5 பங்கு, இவ்வகைக்கு இது சற்று மிகுதிதான். குடியைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. ஒரு சிறு கோப்பையே இவ்வளவு பேச்சுக்கும் போதுமானதாக இருந்தது.

கோப்பையை ஒளியில் பிடித்தேன். செம்புப் பாத்திரம் துலக்கியது போன்ற நிறம், கலங்கலில்லாத தெளிவு. முகர்ந்தபோது, அப்போதுதான் சுட்ட ரொட்டியின் பொன்னிற ஓரமும் சிறிது தேனும் நினைவுக்கு வந்தன. இவ்வளவு மணத்தைக் கண்டால் நாக்கு வெல்லப்பாகை எதிர்பார்க்கும். ஆனால் விழுங்கியபின் வாயில் இனிப்புத் தங்கவில்லை. மெல்லிய கசப்பொன்று வந்து துடைத்துவிட்டுப் போயிற்று. அந்தக் கசப்பு ஹாப்ஸ் என்னும் கொடியின் காய் போன்ற பூவினால் வருவது.

மால்ட் மணம் வேறு, இனிப்பு வேறு. இந்த ஒரு வேறுபாட்டை நாக்கு கற்றுக்கொண்டால் மெர்ட்சனை மதிப்பிடத் தெரிந்துவிடும். குளிரில் மெதுவாக வேலை செய்யும் லாகர் ஈஸ்ட், சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. மையார் வினை தந்த மணத்தை அது தீண்டுவதில்லை. இதை மறந்து, காரமல் மால்ட்டை அள்ளிப்போட்டு நிறத்தையும் தித்திப்பையும் ஒருங்கே வரவழைப்போர் இருக்கிறார்கள். காரமல் மால்ட்டின் சர்க்கரையில் ஒரு பகுதி ஈஸ்ட்டுக்கு இரையாகாது. ஆகவே அது அப்படியே தங்கி, இரண்டாம் மிடற்றிலேயே திகட்டுகிறது. அதை மெர்ட்சன் என்று விற்பது எனக்குச் சம்மதமில்லை.

மியூனிக்கை விட்டுக் கிளீவ்லாந்துக்கு ஏன் போகவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். அக்டோபர் விழாவுக்குப் பீர் வழங்கும் உரிமை மியூனிக் நகரத்து ஆறு ஆலைகளுக்கே உண்டு. அவை இப்போது அங்கே ஊற்றுவது இளம் பொன்னிறமான, இலேசான வேறொரு பீர். ஒரு லிட்டர் கோப்பையில் குடிப்பவர்களுக்குக் கனத்த மால்ட் வயிற்றை அடைத்துவிடும் என்பதால் 1970-களில் பௌலானர் ஆலை தொடங்கிய மாறுதல் அது. வியாபாரத்துக்கு நல்ல காரணம்தான். ஆனால் விழாவுக்கு ஒரு நூற்றாண்டுக் காலம் அடையாளமாயிருந்த செந்நிறப் பீருக்கு விழாக் கூடாரத்திலேயே இடமில்லாமற் போயிற்று. பவேரியாவில் சில ஆலைகளும், கடல் கடந்த சிற்றாலைகளும் அதைக் கைவிடாமல் காய்ச்சுகின்றன. குளிர்பதன இயந்திரம் வந்த பிறகு மார்ச்சில் காய்ச்சவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை; பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு குறிப்பு: உறைபனிபோல் குளிர்ந்த கோப்பையில் இந்த மணம் எழாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்றுநேரம் வெளியே வைத்து, எட்டுப் பத்து டிகிரிக்கு வந்தபின் முகர்ந்து பார்ப்பதே முறை.