நக்கலாம் இந்த இலையை, தொடாதே அந்த இலையை

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர். ஆளுக்கொரு தாள், அதில் ‘நான் பார்த்த பத்துப் பறவைகள்’ என்று கட்டம் போட்டிருந்தது. பிச்சாவரத்தில் படகுகள் கிளம்பி அரை மணி ஆகியும் கொக்கு, மீன்கொத்தியோடு பென்சில்கள் நின்றுவிட்டன. கழிமுகத்துக்குக் கூட்டிவந்து அண்ணாந்து பார்க்கச் சொன்னால் இப்படித்தான். இங்கே விஷயமெல்லாம் கைக்கெட்டும் இலையிலும் காலடிச் சேற்றிலும்.

எங்கள் படகோட்டி அண்ணன் ஒரு கிளையை இழுத்து, “நக்கிப் பாரு தம்பி” என்றார். தயங்கி நாக்கை வைத்தவன் கத்தினான்: “டேய், உப்புடா!” அவ்வளவுதான், படகே ஒரு பக்கம் சாய்ந்தது.

அது வெண்கண்டல். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இந்தப் பகுதியில் மரத்துக்குக் கிடைப்பது உவர்நீர். உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுத்துவிட்டு, மிஞ்சியதை இலைச் சுரப்பிகள் வழியே கக்குகிறது. வெயிலில் ஈரம் காய, உப்பு பொடியாய்ப் படிகிறது. பக்கத்துச் சுரபுன்னைக்கு அந்தச் சுரப்பிகள் கிடையாது. தடுப்பு வேலை ஏறக்குறைய முழுதும் வேரில்தான்.

உற்சாகத்தில் ஒரு பெண் வேறொரு மரத்துக்குக் கை நீட்டினாள். “பாப்பா, கைய எடு! அது தில்லை!” கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான் என்றதும் எல்லாரும் இன்னொரு முறை அதைப் பார்த்தார்கள்.

தண்ணீர் வற்றியதும் கரையில் இறங்கினோம். “ஐயே, அழுகின முட்டை நாத்தம்!” சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அது தேவைப்படாத நுண்ணுயிரிகள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு காலம் தள்ளுகின்றன. அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடின் வாடை அது. வெண்கண்டலின் வேர்கள் விரல் விரலாய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதும் காற்றுக்காகத்தான்.

அசையாமல் உட்கார்ந்தால் பிடில் நண்டுகள் வெளியே வரும் என்றேன். முப்பது பிள்ளைகள் ஐந்து நிமிடம் வாய் மூடியதை அன்றுதான் பார்த்தேன். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பூதாகரம்; அது பெண்ணை அழைக்கவும் சண்டைக்கும். சாப்பாட்டுக்குச் சின்னக் கொடுக்கு. சேற்றை அள்ளி, அதிலுள்ள பாசியையும் மட்கையும் வாயிலேயே சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கடுகுருண்டையாய் வைத்தபடி நகர்ந்தது.

நாங்கள் படகேறியபோது ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு நண்டு வளைக்குள் இறங்கி, சேற்று உருண்டையால் வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டது.