பழைய சரக்கு வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

வாடகை வண்டிக்குக் காத்திருந்து சரக்கு எடுத்த நம் வியாபாரிகளில் பலர் இப்போது சொந்த வண்டி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். குட்டி யானை 2005-இல் வந்தபின் சிறு கடைகளுக்கு அது வரப்பிரசாதம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் சேர்த்து எடுப்பவர்களுக்கோ தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற வண்டி வேண்டும். புதிதாக வாங்கினால் முதல் முடங்கும் என்று பழையதைத் தேடுவது நியாயமே.

வண்டியைப் பார்த்ததும் நாங்கள் முதலில் கேட்பது, "இது இதுவரை என்ன லோடு அடித்தது?" என்பதுதான். உப்பும் மீனும் ஏற்றிய வண்டியில் பிளாட்பாரத்தின் அடியிலும் சேஸிஸிலும் துரு ஏறியிருக்கும். புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் சொத்தென்று கேட்டால் அந்த வண்டி வேண்டாம். மீன் வாடையோ மண்ணெண்ணெய் வாடையோ பலகையில் ஊறியிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. தேயிலையும் மைதாவும் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும்; வாடிக்கையாளர் மூட்டையைத் திருப்பி அனுப்புவார். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருந்தால், செங்கல்லோ ஜல்லியோ அளவுக்கு மேல் சுமந்த வண்டி என்று கொள்ளலாம்.

"இரண்டு டன் தாராளமாக இழுக்கும்" என்பார் புரோக்கர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடிய பாரம். அதை மீறினால் 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்ஜினைப் பார்க்க நம் மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும், புரோக்கருடைய ஆளை அல்ல. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எஃப்.சி. எதுவரை இருக்கிறது என்றும் பாருங்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது, அதன்பின் வருடா வருடம் ஆகிவிடும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பெயர் மாற்றாமலே ஓட்டும் பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. விபத்து நடந்தால் பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. ஆகவே விற்பவருக்கும் இது ஆபத்து. வாங்கியவர் இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது கம்பெனி கையை விரிக்கும். பார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள்.

பைனான்ஸ் பாக்கி இருந்த வண்டியானால் என்.ஓ.சி.யும் பார்ம் 35-ம் கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதி வாங்கும் சீட்டில் தேதியோடு மணியையும் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய அபராதம் எதுவானாலும் விற்றவர் கணக்கு.