கடலூர், சிதம்பரம்காரங்களுக்கு எந்த கிரெடிட் கார்டு லாபம்? ஏர் மைல்ஸா, ரயில் பாயின்ட்டா?
கார்டு பாயின்ட்டில் விமானத்தில் பறக்கலாம்தான். ஆனால் கடலூர், சிதம்பரத்தில் இருப்பவர்கள் விமானம் ஏறவே புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகணும். அடிக்கடி சென்னைக்கு ரயிலில் போறவங்களுக்கு ஐஆர்சிடிசி எஸ்பிஐ பிளாட்டினம் போன்ற ரயில் கார்டுதான் பொருத்தம். அதை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி டிக்கெட் எடுத்தால், கட்டணத்தில் 10 சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்பும். 1 பாயின்ட்டுக்கு 1 ரூபாய். அடுத்த டிக்கெட்டில் கழிச்சுக்கலாம்.

சிக்கல் எங்கேன்னா, உழவன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் போனால் இந்த 10 சதவீதம் கிடையாது. நம்ம ஊரில் பலரும் எடுப்பது அதுதானே! முதல் ஆண்டுக் கட்டணமோ 500 ரூபாய், ஜிஎஸ்டியோடு 590. அந்தக் காசைத் திரும்ப எடுக்கவே குறைந்தது 5,900 ரூபாய்க்கு ஏசி டிக்கெட் போடணும். பில்லில் பாக்கி வைத்தால், பல கார்டுகளில் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும்.