காரமின்றி ஒரு கோழிக்கறி: பால் சாறும் பக்குவமும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர், ஆசையோடு சமைத்து வைத்த கோழிக்குழம்பில் இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பது பல வீடுகளில் நிகழ்வதுதான். சமைத்தவர் மனம் நோகிறது. உண்ண இயலாதவரும் வருந்துகிறார். இதைப் பிடிவாதம் என்று கருத வேண்டாம். வாய் உலர்ந்திருக்கும்போது நார்நாரான இறைச்சியை விழுங்குவது கடினம். புண்ணான வாயில் மிளகாய் எரியும். ஆயினும், காயம் ஆறவும் இழந்த தசை மீளவும் புரதம் இன்றியமையாதது. மென்மையாக வெந்த கோழித் துண்டுகளைக் கெட்டியான பால் சாற்றில் தோய்த்துக் கொடுத்தால், அந்தப் புரதம் எளிதாக உள்ளே செல்லும்.

இருவருக்குத் தேவையானவை

எலும்பும் தோலும் நீக்கிய தொடைக்கறி 250 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி, பெரிய வெங்காயம் பாதி, பூண்டு 2 பல், பால் 200 மில்லி, சோளமாவு 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி எளிதில் வறண்டு போகாது. ஒருவர் பங்கில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் கிடைக்கும்.

செய்முறை

கோழித் துண்டுகளின் ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றியெடுங்கள். அடிகனமான வாணலியில் எண்ணெயைச் சூடாக்கி, துண்டுகளைப் பரப்பி, 4 நிமிடம் கிளறாமல் விடுங்கள். திருப்பிப் போட்டு மேலும் 3 நிமிடம் வைத்து, ஒரு தட்டில் எடுங்கள். வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கழுவிவிடாதீர்கள். மிளகாய் இல்லாத குறையைத் தீர்ப்பது அதுவே. அதே வாணலியில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினால், அந்தப் பழுப்பு முழுவதும் சாற்றில் கரையும். கோழியையும் தட்டில் வடிந்த நீரையும் மீண்டும் சேர்த்து, உப்பிட்டு மூடி, சிறு தீயில் 10 நிமிடம் வேக விடுங்கள். இறுதியில், ஆறிய பாலில் கரைத்த சோளமாவை ஊற்றி, மூன்று நிமிடம் கிளறினால் சாறு கெட்டியாகிவிடும். மிளகுத்தூள் தூவி இறக்குங்கள்.

தூய்மையும் பாதுகாப்பும்

நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவருக்கு அரைவேக்காட்டுக் கோழி பேராபத்து. தடித்த துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையெனில், பிளந்து பார்த்து, இளஞ்சிவப்பு சிறிதும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். குழாயடியில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீர், கிருமிகளைச் சமையலறை முழுவதும் பரப்பும். மஞ்சளிட்டுக் கழுவும் வழக்கமுடையோர், பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, தொட்டியையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். பச்சைக் கறி வைத்த தட்டைக் கழுவாமல் பரிமாறப் பயன்படுத்தாதீர்கள். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்குள், கடுங்கோடையில் ஒரு மணி நேரத்திற்குள், குளிர்பெட்டியில் வையுங்கள். ஒருமுறை மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கலாம்.

நோய்க்கேற்ற மாற்றங்கள்

உடல் மெலிந்தவருக்கு, மருத்துவர் தடை சொல்லாவிடில், இறக்கும் முன் இரண்டு மேசைக்கரண்டி ஃபிரெஷ் கிரீம் சேர்க்கலாம். இதய நோயாளிகளுக்குக் கிரீம் தவிர்த்து, கொழுப்பு நீக்கிய பால் போதும். சோளமாவே கெட்டித்தன்மை தரும். நீரிழிவு உள்ளவர்கள் சோளமாவையும் பாலையும் அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். பால் ஒவ்வாதவருக்கு முந்திரி விழுது பயன்படும். வாய்ப்புண் இருந்தால் மிளகைத் தவிர்த்து, இளஞ்சூட்டில் கொடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு எந்த அளவு மசித்துக் கொடுப்பது என்பதை விழுங்கல் பயிற்சியாளரிடமும், சிறுநீரக நோயாளிகள் தமக்குரிய புரத அளவை உணவியல் வல்லுநரிடமும் கேட்டறிய வேண்டும்.

முதல் நாள் ஒரு சிறு கிண்ணமே போதும். குழைந்த சோற்றுடன் பிசைந்து, இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். காரமில்லை என்பதால் வீட்டார் அனைவரும் உடன் அமர்ந்து அதையே உண்ணலாம். தமக்கென்று தனிச் சமையல் இல்லை என்று அறியும்போது, நோயுற்றவரும் இன்னொரு வாய் உண்பார்.