இன்னொருவர் முடுக்கிய குதிரை

முதல் கார் தேடும் இளைஞர்களைப் பழைய டர்போ கார்கள் சுண்டி இழுக்கின்றன. விலை மலிவுதான். வாங்கிய பிறகுதான் மற்ற கணக்குகள் தொடங்குகின்றன.

ஆரம்ப கால மாருதி 800-ன் எஞ்சினுக்குச் சுமார் 40 குதிரை சக்தி. இரண்டு தலைமுறை இந்தியர்கள் அதில்தான் கிளட்ச் பழகினார்கள். இன்று பெங்களூரிலோ புனேயிலோ வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடச் சம்பளத்தை மிச்சம் பிடித்த இளைஞர் முதல் கார் தேடும்போது, புதிய சிறு காரின் விலைக்கே அதைப் போல மூன்று, நான்கு மடங்கு சக்தி கொண்ட கார் விளம்பரத்தில் கண் சிமிட்டுகிறது. வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டேஜ் ஒன் செய்தது, டவுன்பைப் மாற்றியது, உயரம் குறைத்தது, இனி ஒரு ரூபாய் செலவில்லை. கடைசி வாக்கியத்தை நம்புகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

இந்த மோகம் புதிதல்ல. 2004-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வந்தபோது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினின் 150 குதிரை சக்தி, நடுத்தர வர்க்கம் அண்ணாந்து பார்த்த எண். 2013-ல் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினோடு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வந்தது. 2015-ல் ஃபியட் தன் பங்குக்கு அபார்த் புன்டோவை இறக்கியது: 145 குதிரை சக்தி, டெல்லி ஷோரூம் விலை ரூ. 9.95 லட்சம். அந்த விலையில் அவ்வளவு வேகம் அதுவரை இந்தியாவில் கிடைத்ததில்லை. போலோ 2022-ல் நின்றது. ஃபியட் கார்கள் அதற்கு முன்பே கடையைக் கட்டிவிட்டன. 2025-ல் ஆக்டேவியா ஆர்.எஸ். மீண்டும் வந்தது, 100 கார்கள் மட்டும், தலா ரூ. 49.99 லட்சத்துக்கு. ஆக, சாதாரணச் சம்பளக்காரருக்கு மிஞ்சுவது பழைய கார்ச் சந்தைதான். அங்கே நிற்பவற்றில் கணிசமானவை யாரோ ஒருவர் 'முடுக்கி' வைத்தவை.

டர்போ என்பது வீணாகப் போகும் மூச்சைப் பிடித்து வேலை வாங்கும் தந்திரம். சைலன்ஸருக்குப் போகிற சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போட்டவர், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டீக்கடை வாசலில் சட்டென்று எஞ்சினை அணைத்தவர் ஆகியோரின் பாவம் உடனே தெரியாது. இரண்டு வருடம் கழித்து, வேறொருவர் கையில் இருக்கும்போது, சைலன்ஸர் நீலப் புகை கக்கும்.

'ஸ்டேஜ் ஒன்' என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றுவது. காற்றழுத்தம், பெட்ரோல் அளவு, தீப்பொறி விழும் நேரம் மூன்றும் மாறும். ஸ்பானர் தொடாமல், ஒரு லேப்டாப்பும் ஒரு மதிய வேளையும் போதும். தயாரிப்பாளர்கள் எஞ்சினில் கொஞ்சம் சக்தியைக் கையிருப்பாக வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது ராஜஸ்தான் வெயிலுக்கும், தரம் குறைந்த பெட்ரோலுக்கும், அலட்சியமான உரிமையாளருக்குமாக ஒதுக்கிய கையிருப்பு. நல்ல பட்டறை அதில் ஒரு பகுதியை அளந்து எடுக்கும். மோசமான பட்டறை, எங்கிருந்தோ நகலெடுத்த மென்பொருளை ஏற்றிவிட்டு மொத்தத்தையும் வழித்து எடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கார்களும் ஒரே மாதிரி இருக்கும்.

அடி வாங்குவது எஞ்சின் மட்டுமல்ல. போலோ ஜி.டி.யின் ஏழு கியர் தானியங்கிப் பெட்டியில் இருப்பது உலர் கிளட்ச். அது 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. ஷோரூமிலிருந்து வந்த 1.2 லிட்டர் எஞ்சின் தந்தது 175. மென்பொருளை மாற்ற மாற்ற அந்த இடைவெளி சுருங்குகிறது. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் தினமும் ஊர்ந்தே தேய்ந்த கிளட்ச்சில் இந்தச் சுமையும் விழுந்தால், கியர் பெட்டிச் செலவு லட்சத்தைத் தாண்டக்கூடும். முதல் காருக்குக் கடன் வாங்கியவரிடம் இரண்டாவது கடனுக்கு இடமிருப்பதில்லை.

உயிர் விஷயம் வேறு. சக்தியைக் கூட்டியவர்களில் பலர் பிரேக்கைத் தொடுவதில்லை, டயரிலும் சிக்கனம். போதாக்குறைக்கு டர்போவின் சக்தி சீராக ஏறுவதில்லை. மிதித்ததும் ஒரு கணம் மௌனம், பிறகு மொத்தமாகப் பாய்ச்சல். மென்பொருளை முரட்டுத்தனமாக மாற்றியிருந்தால் அந்தப் பாய்ச்சலும் முரடாகும். மழையில் நனைந்த மேம்பால வளைவில் முன்சக்கரங்கள் பிடி இழந்து, ஸ்டீயரிங் கையை இழுக்கும்போது என்ன செய்வது என்று ஓட்டுநர் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. பத்து கார் ஓட்டியவருக்கு, கார் இயல்பாக இல்லை என்பது முதல் கிலோமீட்டரிலேயே உறுத்தும். முதல் கார் வாங்குபவருக்கு இயல்பு எது என்று ஒப்பிட இன்னொரு கார் இல்லை. நடுக்கத்தையும் சத்தத்தையும் 'ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான்' என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்.

சட்டமும் விற்றவரைத் தேடிப் போவதில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். செய்தவர் முந்தைய உரிமையாளர்தான். ஆனால் சாலையோரச் சோதனையில் போலீஸ்காரரிடம் அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியவர் இப்போது ஸ்டீயரிங் பிடித்திருப்பவர். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி வெறும் குழாய் பொருத்தியிருந்தால் மாசுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நிறம், சாலையில் வேறு நிறம் என்றால் வம்புக்குத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்தே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று சொல்வது அநியாயம். பராமரிப்பு ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருக்கும் விற்பனையாளர்களும் உண்டு. அவர்களின் கார், அலட்சியமாக ஓட்டப்பட்ட மாற்றாத காரைவிட மேல். அனுபவசாலிகள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் போய்ப் பார்ப்பார்கள். போனதும் பானெட்டின் மேல் கை வைப்பார்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளப்பும்போது வரும் புகையை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட வைத்தார்களோ என்று சந்தேகப்படுவார்கள். காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனர் மாட்டி, பழைய பிழைக் குறிப்புகளை அன்று காலைதான் அழித்தார்களா என்றும் பார்ப்பார்கள். சிலிண்டர் அழுத்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேரம் அங்கேயே முடிந்தது.

பட்டறைக்காரர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு: கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் எங்கே? கம்பெனி சைலன்ஸரும், ஏர் ஃபில்டர் பெட்டியும், ஸ்பிரிங்குகளும், மாற்றுவதற்கு முன் பிரதி எடுத்த மென்பொருளும் விற்பவரிடம் இருந்தால், வாங்கிய வாரமே காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம். அவற்றையும் என்றோ விற்றுவிட்டார் என்றால், ஒவ்வொன்றையும் தேடி வாங்கும் செலவைப் பேசிய விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அபார்த் புன்டோவாக இருந்தால், போய்க் கேட்க ஃபியட் ஷோரூம்கூட இல்லை.