தொண்டை எப்படி வயிறானது?

புனே நகரில் அகார்கர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1946இல் தொடங்கப்பட்டது. அங்கேயுள்ள ஆய்வாளர்கள் ஓர் ஆட்டின் வயிற்றிலிருந்து புதிய பூஞ்சை ஒன்றைப் பிரித்தெடுத்து, 2018இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: லீபெடான்சோமைசிஸ் பாலிமார்ஃபஸ். ஒரே மூச்சில் சொல்ல வரவில்லையா? எனக்கும் வரவில்லை. பெயர் கிடக்கட்டும், முதலில் அது குடியிருக்கும் இடத்தைப் பார்ப்போம்.

ஆடு, மாடு, எருமை, மான் இவற்றின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறைதான் பெரியது. வளர்ந்த பசுவுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அவசரமாக மேய்ந்த புல்லெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அதன் பெயர் ரூமென். இது லத்தீன் சொல், அந்த மொழியில் இதற்குத் 'தொண்டை' என்று பொருள்!

வயிற்றுக்கு ஏன் தொண்டையின் பெயர்? மாடு படுத்து அசைபோடும்போது, விழுங்கிய புல் உருண்டையாகத் திரும்பி வருவதும் தொண்டை வழியே, மென்றபின் மறுபடி இறங்குவதும் தொண்டை வழியே. அசைபோடுவதற்கான லத்தீன் வினைச்சொல்லும் இதே சொல்லிலிருந்துதான் வந்தது. பிற்கால உடற்கூறு அறிஞர்கள் அந்தப் பெயரை உள்ளே இருக்கும் பைக்கு வைத்துவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. "பாட்டி பழைய நினைவுகளை அசைபோட்டுக்கொண்டிருந்தார்" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? ரோமானியர்களும் ஒன்றையே திரும்பத் திரும்ப யோசிப்பதற்கு அந்த வினைச்சொல்லையே பயன்படுத்தினார்கள். யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கியதாகத் தெரியவில்லை. மாடு அசைபோடுவதைப் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் அது யோசிப்பதுபோலத்தான் தோன்றும்! புனேக்காரர்கள் மராத்தியில் அசைபோடுவதை 'ரவந்த்' என்பார்கள். அது 'ரோமந்த' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது.

இரண்டாவது அறை ரெட்டிகுலம், அதாவது சின்ன வலை. உள்சுவர் தேனடைபோலக் கட்டம் கட்டமாக இருக்கும். புல்லோடு விழுங்கிய ஆணியும் கம்பித் துண்டும் இங்கேதான் தங்கும். இதயம் மிக அருகில் இருப்பதால், குத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனால் கால்நடை மருத்துவர்கள் சில மாடுகளுக்கு ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுப்பதுண்டு. ஆணிகள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது ஒமேசம். புத்தகத் தாள்கள்போல மடிப்பு மடிப்பாக இருப்பதால், கிறித்தவர்களின் பாட்டுப் புத்தகத்தின் பெயரையும் இதற்குச் சிலர் வைத்தார்கள். நான்காவது அபோமேசம். 'ஒமேசத்துக்கு அப்பால்' என்று அர்த்தம். பெயர் வைத்து வைத்துக் களைத்துவிட்டார்கள் போலிருக்கிறது! நம் வயிற்றைப்போல அமிலம் சுரப்பது இந்த அறை மட்டும்தான்.

சரி, பூஞ்சைக்கு வருவோம். புல்லில் உள்ள செல்லுலோஸை ஆட்டால் தானாகச் செரிக்க முடியாது. ரூமெனில் வாழும் பாக்டீரியாக்களும் புரோட்டோசோவாக்களும் பூஞ்சைகளும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே ஆக்சிஜன் கிடையாது. இந்தப் பூஞ்சைகளுக்கோ ஆக்சிஜன் பட்டாலே ஆகாது. வைக்கோல் நாருக்குள் வேர் போன்ற இழைகளைச் செலுத்தி அதை உடைத்துப் போடும். பிறகு பாக்டீரியாக்களுக்கு வேலை சுலபம்.

இவற்றின் வித்துகள் வால் ஆட்டி நீந்தும். 1910இல் எர்வின் லீபெடான்ஸ் என்பவர் அவற்றை விவரித்தார். ஆனால் நீந்துவதால் அவற்றைப் புரோட்டோசோவா என்றே எல்லாரும் வெகுகாலம் நம்பினார்கள். பூஞ்சைக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும் என்பதுதானே அன்றைய பாடம்! இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின் என்பவர் 1975இல் அவை பூஞ்சைதான் என்று காட்டினார். புனே பூஞ்சையின் பெயரில் இருப்பவர் அந்த லீபெடான்ஸ்தான். பாலிமார்ஃபஸ் என்றால் 'பல உருவம் கொண்டது'.

புனே பூஞ்சைக்குப் பெயர் சூட்டுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, இந்திய ஒட்டகத்தின் முன்வயிற்றில் கிடைத்த பூஞ்சைக்கு ஊன்ட்டோமைசிஸ் என்று பெயரிட்டார்கள். இந்தியில் 'ஊன்ட்' என்றால் ஒட்டகம். லத்தீனையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்று நினைத்தது நல்ல யோசனை.

அடுத்த முறை மாடு படுத்து அசைபோடுவதைக் கண்டால் எட்ட நின்று அதன் கழுத்தைக் கவனியுங்கள். ஒரு கவளத்தை விழுங்கிய சில நொடிகளில் அடுத்தது மேலே ஏறி வருவது தெரியும். ஒரு கவளத்தை எத்தனை தடவை மெல்கிறது என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.